யார் முதலில் எழுந்தாலும்

ஒரு தொழிற்சாலை மேனேஜரின் முகத்துக்கு நேராக நான் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டேன். எங்கள் யூனியனில் அதைப் பத்து விதமாகச் சொல்கிறார்கள். வேண்டுமென்றே செய்தேன் என்கிறார்கள், காலர் அக்காவுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொட்டாவி என்னுடையது இல்லை, மருந்தினுடையது. மற்றதெல்லாம் என்னுடையது, அதில் ஒன்றையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காலர் அக்கா என்பது நான்தான். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் என் பாதி ஆயுளைக் காலர் தைத்தே கழித்தவள். என்னோடு ஒட்டிக்கொண்டு திரிபவள் காஜா. பொத்தான் துளை போடும் மெஷினில் இருப்பவள் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

எனக்குப் பார்க்கின்சன். நடுக்குவாதம் என்று சொன்னால் உடனே எல்லோரும் என் கையைப் பார்க்கிறார்கள். என் கை அவ்வளவாக நடுங்காது. என்னுடையது ஆடுகிற ரகம் இல்லை, உறைகிற ரகம். மாத்திரை வேலை செய்கிற வரைக்கும் நடப்பேன், ஓடுவேன், சண்டைக்குப் போவேன். அதன் வேகம் தீர்ந்துவிட்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், முகம் பலகையாகிவிடும், குரல் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். மண்டைக்குள் மட்டும் எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். டாக்டரம்மா இதை ஆஃப் என்பார். காஜா, அக்காவுக்குக் கரண்ட் போய்விட்டது என்பாள்.

எங்கள் தொழிற்சாலையில் கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும். மஞ்சள் பிளாஸ்டிக் வட்டம், சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஒரு லைனில் நாற்பது பெண்கள், நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே டோக்கன். அது ஆணியில் இருந்தால் எழுந்து போகலாம். இல்லையென்றால் போனவள் திரும்பும் வரை அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். தண்ணீர் குடிக்கவும் அதேதான், மாத்திரை போடவும் அதேதான். டோக்கன் இல்லாமல் எழுந்தவள் அன்றைய வேலையை விட்டுப் போனவளாகக் கணக்கு.

நான் லைனில் இருந்த கடைசி நாளில், என் மாத்திரை வேளைக்கு ஆணி காலியாக இருந்தது. தைப்பதும் நிமிர்ந்து பார்ப்பதுமாக இருந்தேன். கடைசியில் டோக்கன் வந்தபோது என்னால் எழ முடியவில்லை. காலரைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிட்டது. என் முறை வந்துவிட்டதே என்று யாரோ அந்த மஞ்சள் வட்டத்தை என் மடியில் வைத்தார்கள். பிறகு என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள், ஊர்வலம் மாதிரி. லைன் முழுக்க மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அப்போது எனக்குப் பயமாக இல்லை. கோபமாக இருந்தது, அது இன்னும் ஆறவில்லை. டோக்கனையும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்கள் வேறொன்று மாட்டிக்கொண்டார்கள்.

அதோடு மெஷினை விட்டுவிட்டு யூனியனின் முழுநேரச் செயலாளர் ஆனேன். எனக்கு ஒரே கோரிக்கைதான் இருந்தது. ஆணியைப் பிடுங்கு.

முதல் முறை பேச்சுவார்த்தைக்குப் போனபோது தோற்றோம். மேனேஜர் கத்துகிறவர் இல்லை. சிரித்த முகம், எல்லோரையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குப் பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று, நடுவில் எனக்குக் கரண்ட் போயிற்று. நான் உறைந்து உட்கார்ந்திருந்ததைக் காஜாவால் பார்க்க முடியவில்லை. அழுதுகொண்டே என்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனாள். மறுநாள் போய்க் கேட்டால், யூனியன்தான் பேச்சை விட்டு எழுந்துபோனது என்றார்கள். அன்றைக்கு நான் வாசலைத் தாண்டும்போது மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு எந்த வேளையில் கரண்ட் போகும் என்பதை அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

இதற்கப்புறம்தான் ஊசிப் பேனா வந்தது. பார்க்க எழுதுகிற பேனா மாதிரியே இருக்கும், முனையில் மயிர் போன்ற ஊசி. மாத்திரை கைவிட்டுவிடும் நேரத்தில் தோலுக்கடியில் போட்டுக்கொண்டால் பத்து நிமிடத்துக்குள் ஆளை எழுப்பிவிடும். ஒரு மணி நேரம்போல நிற்கும், அதற்குள் அடுத்த மாத்திரை வேலைக்கு வந்துவிடும். டாக்டரம்மா முதல் ஊசியைத் தன் கண்ணெதிரே போடவைத்தார். உட்காரவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தம் பார்த்தார், குமட்டலுக்கு முன்கூட்டியே ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் எனக்குத் தாடை கழன்றுவிடுகிற மாதிரி கொட்டாவி வந்தது. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன், அவர் சிரித்தார். பலருக்கும் அப்படித்தான் வருமாம், மருந்து உள்ளே போய்க் கதவைத் தட்டிவிட்டது என்று அர்த்தமாம்.

என் வீட்டுக்காரர் அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டு வந்து பீரோவின் மேல் தட்டில், வீட்டுப் பத்திரங்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார். கடைசி ஆயுதமாம், வீணாக்கக் கூடாதாம். அவருக்கு என் மேல் உயிர். அதனால்தான் அவரோடு சண்டை போடுவது கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் போட்டேன்.

"அவசரத்துக்குன்னு குடுத்தது. நீ விழுந்துட்டா எடுக்கலாம்" என்றார்.

"விழுந்தப்புறம் எடுத்து என்ன பண்றது? நிக்கறதுக்குத்தான் அது. எது அவசரம்னு நான் சொல்றேன், சாவியைக் குடுங்க."

சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் பேனா வைக்க ஒரு சின்னப் பையை அவரே தைத்துக் கொடுத்தார். தையல் கோணல்தான், பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது பேச்சுவார்த்தைக்கு அந்தப் பையோடு போனோம். போகும் வழியில் காஜாவுக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்குக் கரண்ட் போனாலும் கண் மட்டும் ஓடும். என் கண் பையைப் பார்த்தால் ஊசியைப் போட வேண்டும். பார்க்காத வரைக்கும் கூரையே இடிந்து விழுந்தாலும் தொடக் கூடாது. போன முறை அழுததற்கு இன்னும் கூனிக் குறுகிக்கொண்டிருந்தவள், சத்தியம் பண்ணாத குறையாகத் தலையை ஆட்டினாள்.

பேச்சு நடந்த அறை, துணி வெட்டும் கூடத்துக்கு மேலே. கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தால் கீழே லைன்கள் தெரியும். நீளமான மேஜை, குளிர்சாதனம், கதவுக்கு வெளியே இரண்டடியில் கழிப்பறை. அங்கே ஆணி கிடையாது. மேனேஜர் தன் பக்கத்தில் கம்பெனியின் வக்கீலை உட்காரவைத்திருந்தார். வயதானவர், பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், ஆனால் தூங்குகிறார் என்று நம்ப முடியாது.

தொடங்குவதற்கு முன்னாலேயே மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். இன்றைக்கு எப்படியும் முடிவு கண்டுவிட வேண்டும், அதனால் கையெழுத்தாகும் வரை யாரும் நாற்காலியை விட்டு எழக் கூடாது, யார் முதலில் எழுந்தாலும் அவர்களே பேச்சை முறித்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. நாங்கள் முறித்தால் பழைய ஒப்பந்தமே இன்னும் மூன்று வருடத்துக்கு, ஆணியும் அப்படியே. அவர்கள் முறித்தால் மறுநாளிலிருந்து நாங்கள் வேலை நிறுத்தம் செய்யலாம், அவர்களுக்கோ வாரக் கடைசியில் ஒரு கப்பல் சரக்கு போக வேண்டும்.

காஜா மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். இது எனக்காகத் தோண்டிய குழி என்று எனக்கும் தெரியும். நான் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் உடம்பைக் காரணம் சொல்லிப் பின்வாங்கினவள் ஆவேன், அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்.

காலை முழுக்க மேனேஜர் டோக்கனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார். மின்விசிறி, குடிநீர்க் குழாய், சீருடையின் நிறம். ஒவ்வொன்றுக்கும் ஒரு டீ. எனக்கு வந்த டீயை நான் தொடவில்லை, அவர் தன்னுடையதைக் குடித்துவிட்டு வக்கீலுடையதையும் குடித்தார். மதியம் சாப்பாட்டை மேஜைக்கே வரவழைத்தார். பெட்டியைத் திறந்தால் கோழியும் முட்டையுமாக இருந்தது. அந்த மாதிரிப் புரதச் சாப்பாடு என் மாத்திரையோடு முட்டிக்கொள்ளும், அதை உடம்பில் ஏறவிடாது. அது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோழியைக் காஜா பக்கம் தள்ளிவிட்டு ஓரத்தில் இருந்த ரொட்டியை மட்டும் தின்று மாத்திரையைப் போட்டேன். ஆனாலும் அன்றைக்கு அது வயிற்றுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

முதலில் வலது கால் போயிற்று. பிறகு விரல்கள். வழக்கமான வேளை வந்ததும் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அது பலகையாகிவிட்டது என்று கண்டதும் சீருடையை அப்படியே விட்டுவிட்டு டோக்கனுக்கு வந்தார்.

தட்டச்சடித்து வைத்திருந்த ஒப்பந்தத்தை என் முன்னால் நகர்த்தினார். டோக்கன் முறை தொடரும், வேண்டுமானால் புது டோக்கன், நல்ல தரத்தில். ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம், வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கலாமாம், வண்டிகூட ஏற்பாடு செய்திருக்கிறாராம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்திருப்பேன். கை வரவில்லை. காஜாவின் விரல்கள் பையின் மேல் போய் நின்றன. அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் பையைப் பார்க்கத்தான் போனேன். அதற்கு முன்னால் கண் மேனேஜர் பக்கம் போயிற்று. அவர் ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். முழங்கால் தையல் மெஷின் ஊசிபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை என் லைனில் தினமும் பார்த்திருக்கிறேன். ஆணி காலியாக இருக்கும்போது பெண்களின் முழங்கால் அப்படித்தான் ஆடும்.

நான் பையைப் பார்க்கவில்லை.

ஆளைக் காப்பாற்றுகிற மருந்துதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எப்போது காப்பாற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டியவள் நான். மேனேஜரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். இமைகூட அதிகம் அடிக்கவில்லை, அதுவும் வியாதியின் உபயம். உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான். சில நாள் அந்த ஊசி சொன்ன நேரத்துக்கு எழுப்பாது. இன்றைக்கும் அப்படி ஆனால் காஜா தாங்க மாட்டாள், என்னைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். மூன்று வருடம் போய்விடும்.

என் மௌனத்தை மேனேஜர் என்னவென்று எடுத்துக்கொண்டார் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. பேரம் பேசியே பழகினவர். எதிராளி வாயைத் திறக்கவில்லையென்றால் விலை பத்தவில்லை என்றுதான் அவர் புத்திக்குப் படும். லைனுக்கு இரண்டு டோக்கன் தரலாம் என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று என்றார். கர்ப்பமாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று, ரோஜா நிறத்தில் என்றார். அவர் நெற்றியில், அந்தக் குளிரிலும், வியர்வை.

வக்கீல் கண்ணைத் திறக்காமலே, எழுந்தால் முறித்ததாகத்தான் அர்த்தம் என்று மெதுவாக நினைவுபடுத்தினார்.

அப்போதுதான் நான் பையைப் பார்த்தேன்.

காஜாவுக்கு உயிர் வந்தது. பேனாவை எடுத்து ஊசியை மாட்டி, டாக்டரம்மா சொன்ன அளவைத் திருகிவைத்தாள். என் சட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி வயிற்றின் பக்கவாட்டில் குத்தி, பொறுமையாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அவள் அழவில்லை. மேனேஜர் பதறிக் கூரையைப் பார்த்தார்.

"இங்கேயேவா?" என்றார்.

"வேற எங்க சார் போறது? எழுந்திருக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க" என்றாள் காஜா.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். எனக்கு மருந்து ஏற வேண்டும், அவருக்கு டீ இறங்க வேண்டும். எனக்காவது பத்து நிமிடம் என்று ஒரு கணக்கு இருந்தது. அவர் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, லைனுக்கு நான்கு என்று சொல்லி முடித்த அந்த நொடியில் எனக்கு அது வந்தது. தாடை தானாகக் கீழே இறங்கியது. வாய் பிளந்தது, பிளந்துகொண்டே போயிற்று. மூடிக்கொள்ளக் கை எழவில்லை. அவர் முகத்துக்கு நேராக, சத்தத்தோடு, என் ஆயுளிலேயே பெரிய கொட்டாவி. முடிந்தது என்று நினைத்தால் இன்னொன்று வந்தது.

மேனேஜரின் முகம் சிவந்துவிட்டது. ஐந்து, இதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். காஜா குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி சிரித்தாள்.

என் விரல்கள் இளகின. கட்டைவிரல் முதலில், பிறகு மற்றவை. தொண்டைக்குள் உட்கார்ந்திருந்த குரல் எழுந்து நின்றது. பைக்குள் கைவிட்டு, அன்றைக்குத் திருப்பிக் கொடுக்காத அந்த மஞ்சள் வட்டத்தை எடுத்து மேஜை மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினேன்.

"அவசரம்னா இதை எடுத்துட்டுப் போயிட்டு வாங்க, சார். பேச்சை முறிச்சதா நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணுதான் இருக்கு. வக்கீல் சாருக்கும் வேணும்னா நீங்க வர்றவரைக்கும் அவரு காத்திருக்கணும்."

அவர் அதைப் பார்த்தார். விளிம்பெல்லாம் தேய்ந்து, நடுவில் லைன் எண் பாதி அழிந்துபோயிருந்தது. கை நீளவில்லை.

"உடம்பு முடியாத நேரத்துல நீங்க வந்திருக்கவே கூடாதும்மா. வேற யாரையாவது அனுப்பியிருக்கலாம்" என்றார். அப்போதும் அம்மாதான்.

"முடியாத உடம்பு என்னோடது. முடியாத நேரத்தைப் பார்த்துவெச்சது நீங்க" என்றேன். "எடுங்க சார். ஏன் யோசிக்கறீங்க? நாப்பது பேரு தினமும் தொட்டது அது. நானும் அதுக்காகத்தான் உக்காந்திருந்தேன், கல்லாப்போற வரைக்கும்."

வக்கீல் கண்ணைத் திறந்தார். முதலில் டோக்கனைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. மேனேஜரின் காதில் ஏதோ சொன்னார், அதில் கப்பல் என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது.

நான் அவர்களுடைய பேனாவைக் கேட்டு வாங்கினேன். ஒப்பந்தத்தில் டோக்கன் பற்றி இருந்த பத்தி முழுவதையும் அடித்தேன். என் எழுத்து எறும்பு மாதிரி சின்னதாகிவிட்டது இந்த வியாதியில். அன்றைக்கு மருந்தின் தயவில், வேண்டுமென்றே, பெரிதாக எழுதினேன். டோக்கன் இல்லை, யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, எழ வேண்டியவர்கள் எழுந்து போகலாம். அதன் கீழே கையெழுத்துப் போட்டுத் தாளை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் படித்தாரா என்றே சந்தேகம். போட்டார். வக்கீலும் சாட்சியாகப் போட்டார், அவசர அவசரமாக. அடுத்த நொடி மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார், கதவுக்கு ஓடினார், பிடியில் கையை வைத்தார். அங்கே நின்றுவிட்டார். எல்லாக் கையெழுத்தும் விழுந்துவிட்டதா, எழுந்தது தப்பாகிவிடுமா என்று திடீரென்று பயம் வந்துவிட்டது போலிருக்கிறது. இத்தனை நாளில் முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. முழங்கால்கள் இரண்டும் ஒட்டியிருந்தன. என் லைன் பெண்கள் சூப்பர்வைசர் மேஜை முன்னால் நிற்பதுபோலவே நின்று, திரும்பி, என்னைக் கேட்டார்.

"போகலாமாம்மா?"

"என்னைக் கேக்காதீங்க, சார்" என்றேன். "இனிமே இங்க யாரும் கேக்க வேணாம்."